சுடுமல்லித் தொட்டி

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தரையில் வைத்தால் உருண்டுவிடும். மடியில் வைத்தால் வேட்டி மண்ணாகும், புது வேட்டி. நம் இருவர் முழங்காலுக்கும் நடுவில் நிற்கட்டும். அப்படித்தான். நல்லது.

ஆமாம், சோளம்தான். இருங்குச் சோளம். பார்த்தால் சோளம் மாதிரியா இருக்கிறது? நாலு மாதப் பயிர். என் தலைக்கு மேலே நின்றிருக்க வேண்டும். ஒரு முழ உயரத்தில் நின்றுவிட்டது. தீயில் வாட்டியது மாதிரி இலை சுருண்டிருக்கிறது, பாருங்கள். தண்ணீர் இல்லாமல் காயவில்லை. ஒரு நாள் தவறாமல் ஊற்றினேன்.

கண்டக்டர் பயல் ஏறும்போதே கேட்டான். "என்ன பெரியவரே, கல்யாணத்துக்கா? மொய்க்குத் தென்னங்கன்னு குடுக்கிறாங்க, கொய்யாக்கன்னு குடுக்கிறாங்க. நீங்க கருகின சோளத்தைக் கொண்டு போறீங்க!" பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும். இது மொய் இல்லை. சாட்சி.

சோளத்தின் அடியில் நிற்கிறதே, ஒரு சாண் செடி, நுனியில் வெள்ளை வெள்ளையாகப் பூ. சாமிக்கு வைக்கலாம் போல இருக்கும். அதன் பெயர் சுடுமல்லி. மண்ணுக்கு மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மண்ணுக்குக் கீழே சோளத்தின் வேரில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கும். நாம் சோளத்துக்கு ஊற்றுகிற தண்ணீர், போடுகிற எரு, எல்லாம் அதற்குத்தான். அது தலையைக் காட்டுகிற நேரம் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்திருக்கும். அப்புறம் பிடுங்கினால் என்ன, பிடுங்காவிட்டால் என்ன. துரோகம் என்பதற்கு ஒரு செடி வேண்டுமென்றால் இதைக் காட்டலாம்.

இதை எனக்குக் கொடுத்தது யார் தெரியுமா? என் கூடப் பிறந்த தங்கச்சி ராக்கம்மாளும் அவள் புருஷன் தவசிலிங்கமும். இன்றைக்கு அவர்கள் மகளுக்குத்தான் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். நான் தாய்மாமன்.

நீங்கள் எதுவரை போகிறீர்கள்? அருப்புக்கோட்டைக்கா? பலசரக்குக் கடையா? அப்படியானால் நல்ல சரக்கு எது, கலப்படம் எது என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு மூன்று ஏக்கர் கரிசல் புஞ்சை. இருபத்தைந்து வருடமாக அதில் மிளகாய்தான் போட்டேன். ஊடே கொத்தமல்லி தூவுவேன். ஒரு களை சொல்ல முடியாது. கோரை வரும், சாரணை வரும், அது எல்லார் புஞ்சையிலும் வருவது. சுடுமல்லி ஒன்று வந்ததில்லை. ஒன்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மிளகாய் எல்லாம் வாடல் கண்டு சாய்ந்தது. தங்கச்சி வந்திருந்தாள். "அண்ணே, ஒரு வருசம் சோளத்தைப் போடேன். மாட்டுக்குத் தட்டையும் ஆச்சு, மண்ணுக்கும் ஒரு மாத்தம்" என்றாள். நல்லதுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். புரட்டாசியில் மாப்பிள்ளை தவசிலிங்கம் மொபெட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "மச்சான், என் புஞ்சையில விளைஞ்சது. கதிர் கதிரா நானே பொறுக்கி எடுத்த விதை" என்றார். நானே பொறுக்கி எடுத்தது என்று அவர் வாயாலேயே சொன்னார், கவனியுங்கள். நான் நம்பினேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

விதைத்தேன். நல்ல மழை. பத்து நாள் ஈரம் காயாமல் கிடந்தது மண். சோளம் முளைத்து முழங்கால் உயரம் வந்தது. அப்புறம் பார்த்தால், மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருள்கிறது. காலையில் போனாலும் நடுமத்தியானம் மாதிரி தொங்கிக்கொண்டு நிற்கிறது. நாற்பதாம் நாள் தலையைக் காட்டியது இந்த வெள்ளைப் பூக்காரி. பத்து இல்லை, நூறு இல்லை. தெற்குப் பாதி பூராவும் அதுதான். வடக்குப் பாதியில் அங்கொன்று இங்கொன்று. ஏன் தெற்கில் அதிகம் என்றால், மூட்டையை அவிழ்த்து முதலில் தெற்கில்தான் தூவினேன். கெட்டது மேலாக இருந்திருக்கிறது.

அதே விதை, அதே வருடம், மாப்பிள்ளை புஞ்சையில் ஆள் மறைகிற உயரம் நிற்கிறது! ஒரு சுடுமல்லி இல்லை! இதற்கு மேல் என்ன வேண்டும்? நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு சல்லடையில் கீழே விழுந்ததை எனக்கு மூட்டை கட்டியிருக்கிறார்.

ஊர்ப் பொங்கலில் வைத்துக் கேட்டுவிட்டேன். சபை கூடியிருந்தது. "என்ன மாப்பிள்ளை, மச்சான் புஞ்சைக்குச் சுடுமல்லி விதைச்சுக் குடுத்தீங்களே, உங்க வீட்டு வழக்கமா?" என்றேன். மனுஷன் முகம் செத்துவிட்டது. "மச்சான், என் புஞ்சைக்கு வாங்க. ஒரு செடி இருந்தாக் காட்டுங்க, உங்க கால்ல விழுறேன்" என்றார். நான் ஏன் போக வேண்டும்? அங்கே இல்லை என்பதுதானே என் வழக்கே!

தங்கச்சி என்ன செய்தாள் தெரியுமா? மறுவாரம் தனியாக வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு புஞ்சையில் இறங்கினாள். மூன்று நாள் குனிந்தபடி பறித்தாள். பூத்த செடி ஒவ்வொன்றையும் உதறாமல் சாக்கில் போட்டுக் கட்டி, களத்தில் வைத்துக் கொளுத்தினாள். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தப்புச் செய்யாதவள் எதற்கு வந்து பறிக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். போகும்போது, "அண்ணே, வர்ற வருசம் பருத்தி போடு. பருத்தி வேரு இதை முளைக்க வைக்குமாம், ஆனா அதுல ஒட்டிக் குடிக்க முடியாதாம். முளைச்சு அப்படியே செத்துப் போகுமாம். அவுக கேட்டுட்டு வந்தாக" என்றாள். அவுக கேட்டுட்டு வந்தாகளாம். விஷம் வைத்தவனே வைத்தியமும் சொல்கிறான்.

விவசாய ஆபீஸில் இருந்து ஒரு பையன் வந்தான். சட்டையில் பேனா. பையில் மண்ணை அள்ளிக் கட்டினான். "ஐயா, இது விதையில வந்ததா இருக்காது. மண்ணுலயே கிடந்திருக்கு" என்றான். எப்படியப்பா, இருபத்தைந்து வருடமாக மிளகாய் போடுகிறேன், அப்போதெல்லாம் எங்கே போயிருந்தது என்றேன். "தூங்கிக்கிட்டு இருந்திருக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் விடவில்லை. அது பொடி மாதிரி விதையாம். மழை வந்தால் மட்டும் முளைக்காதாம். வெதுவெதுப்பான ஈரத்தில் பத்து நாள் ஊற வேண்டுமாம். ஊறினாலும் முளைக்காதாம். பக்கத்தில் சோள வேர் வந்து, அதில் இருந்து ஏதோ கசிந்து, அந்த வாடை பட்டால்தான் கண் திறக்குமாம். வராவிட்டால் மறுபடி தூக்கமாம். மிளகாய் வேர் அதைக் கூப்பிடாதாம். சோள வேர் கூப்பிடுமாம். எரு காணாத மண்ணில் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுமாம்.

"ஏம்ப்பா, விதைக்கு மூக்கு வேற வச்சுட்டியா? காதும் இருக்கா?" என்றேன். வரப்பில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பையன் முகம் சிவந்துவிட்டது. "இருபது வருசத்துக்கு மேலகூட உயிரோட கிடக்கும்யா" என்று முனகிக்கொண்டே போனான். தவசிலிங்கம் அவனையும் பிடித்துவிட்டார் என்று அப்போதே தெரிந்தது. பருத்தி போடுங்கள் என்று அவனும் சொன்னானே!

நான் படிக்காதவன்தான். மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எனக்கும் சோதிக்கத் தெரியும், அண்ணாச்சி. அந்த மூட்டையில் கைப்பிடி விதை எடுத்து வைத்திருந்தேன். இந்தப் புரட்டாசியில் இரண்டு தொட்டி வாங்கினேன். போன வருடம் சோளம் விழுந்த இடத்து மண்ணை எடுத்தால் அவர்கள் ஏதாவது சொல்வார்கள். அதனால் தென்மூலையில் ஒரு பாத்தி, மிளகாயே நின்ற இடம், சோளம் தூவாத இடம், அங்கே போய் வெட்டி எடுத்தேன். ஒரு தொட்டியில் மிளகாய், இன்னொன்றில் மாப்பிள்ளை கொடுத்த சோளம். ஒரே மண். ஒரே தண்ணீர். ஒரே வெயில். மிளகாய்த் தொட்டி சுத்தமாக இருக்கிறது, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். சோளத் தொட்டி இது. இப்போது சொல்லுங்கள், சுடுமல்லி எதில் வந்தது? மண்ணில் இருந்தால் மிளகாய்க்கும் வந்திருக்க வேண்டாமா?

என்ன, தொட்டியை உங்கள் பக்கம் திருப்புகிறீர்கள்?

வேறு சோளமா? வேறு சோளத்தை எதற்கு அதே மண்ணில் போட்டுப் பார்க்க வேண்டும்? திருடன் யார் என்று தெரிந்த பிறகு ஊரில் உள்ளவனை எல்லாம் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவார்களா? நீங்களும் அந்தப் பேனாக்காரன் மாதிரியே கேட்கிறீர்கள்.

போன மாதம் இருவரும் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். தட்டைத் தொடவில்லை. அப்புறம் பெண் வந்தாள், கல்யாணப் பெண், சுகப்பிரியா. டவுனில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். பயம் கிடையாது. பத்திரிகையை என் மடியில் போட்டாள். "மாமா, உங்களுக்கும் அப்பாவுக்கும் என்ன சண்டையோ போடுங்க. என் நெத்தியில பட்டம் கட்ட எனக்கு வேற மாமன் இல்ல. நீங்க வந்து கட்டாம நான் மணையில உட்கார மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பசியோட கிடக்கட்டும், ஐயரு தூங்கட்டும். எனக்கு என்ன?" என்றாள். செய்வாள். சொன்னால் செய்கிற பிள்ளை. அவள் பாட்டியின் பிடிவாதம்.

பட்டம் வாங்கிவிட்டேன். சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் சும்மா கட்டிவிடுவேனா? பந்தலுக்குப் போகிறேன். நேராக மணவறைக்கு முன்னால் இந்தத் தொட்டியை வைக்கிறேன். சபை பார்க்கட்டும், சம்பந்தி வீடு பார்க்கட்டும். "பட்டம் என் பையில இருக்கு. இது யாரு குடுத்த விதைன்னு தவசிலிங்கம் வாயால சொல்லட்டும், கட்டுறேன்" என்று சொல்லப் போகிறேன். ஒத்துக்கொண்டால் கல்யாணம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அது அவர்கள் பாடு.

பெண் பாவம்தான். எனக்குத் தெரியாதா? அவள் பிறந்தபோது முதலில் நாக்கில் சேனைத் தண்ணீர் தொட்டு வைத்தது நான். ஆனால் எனக்குச் செய்ததை யார் கேட்பார்கள்?

இது முதல் தடவை இல்லை, அண்ணாச்சி. எங்கள் வீட்டில் எனக்குத் துரோகம் புதுசே இல்லை. ராக்கம்மாள் கல்யாணத்தில் என் அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஒரு ஜோடிக் கன்றுகளை நான் வளர்த்தேன். வைக்கோல் திருடிக்கூடப் போட்டிருக்கிறேன். ஏரில் பூட்டுகிற பருவத்தில் அப்பா அந்த ஜோடியைப் பிடித்து மாப்பிள்ளைக்குச் சீர் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சி "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. கொம்பில் கட்டிய பூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்த வருடம் புஞ்சையில் சோளம். அதிலும் இந்தச் சனியன் முளைத்திருந்தது. அப்பா வாசலில் வந்து நிற்பார். "டேய் சன்னாசி, பூக்குறதுக்கு முந்திப் பிடுங்கிரணும்டா. பூத்து விதை கொட்டிருச்சுன்னா உன் ஆயுசுக்கும் விடாது. வாடா" என்பார். நான் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். "காளை வாங்கினவன் வந்து பிடுங்கட்டும்" என்பேன். கிழவர் தனியாகவே இறங்கினார். வடக்கில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். பாதி வந்தபோது காய்ச்சலில் விழுந்தார். தெற்குப் பாதி அப்படியே பூத்து, காய்த்து, வெடித்தது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். நன்றாகப் பூக்கட்டும் என்று இருந்தது. அடுத்த வருடம் அவர் போய்விட்டார். நான் மிளகாய்க்கு மாறிவிட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

தெற்குப் பாதிதான். ஆமாம், சொன்னேன். அதற்கென்ன? அது வேறு, இது வேறு. அது ராக்கம்மாள் கல்யாண வருடம், அண்ணாச்சி. இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. பொடி மாதிரி ஒரு விதை, எத்தனை உழவு, எத்தனை வெயில், எத்தனை வெள்ளம், இருபத்தைந்து வருடம் மண்ணுக்குள் கிடந்து, ஒரு நாள் வாடை பட்டதும் எழுந்து வருமா? அது என்ன மனுஷனா, அத்தனை நாள் மனத்தில் வைத்திருக்க?

விடுங்கள். வேகத்தடை. தொட்டியைப் பிடியுங்கள்!

அடடா. உங்கள் வேட்டியில் கொட்டிவிட்டதா? மன்னித்துக்கொள்ளுங்கள். மண் இல்லை. மூக்குப்பொடி மாதிரி இருக்கிறதே, அதுதான். கீழ்க்காய் முற்றி வெடித்திருக்கிறது. நுனியில் பூ இருந்ததால் நான் கீழே பார்க்கவில்லை. காலையில் பச்சையாகத்தான் தெரிந்தது. அதுதான் விதை. அந்தத் துளியில் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று கடவுளுக்குத்தான்...

உதறாதீர்கள்! ஜன்னல் பக்கம் உதறாதீர்கள், அண்ணாச்சி! வெளியே பாருங்கள், சோளப் புஞ்சை. அவன் பாவம் யாரோ. அப்படியே வேட்டியை மடியுங்கள். உள்பக்கமாக. நான் பிடித்துக்கொள்கிறேன். என் துண்டில் தட்டுங்கள். மெல்ல.

என்ன கேட்டீர்கள்? பந்தலா?

தவசிலிங்கம் வீட்டை ஒட்டின புஞ்சையில்தான். போன வாரம் சோளம் அறுத்த இடம். தட்டையின் அடிக்கட்டை மேலேயே மண்ணைக் கொட்டி மிதித்துப் பந்தல் போட்டிருப்பதாகச் சுகப்பிரியா போனில் சொன்னாள். வருகிற புரட்டாசிக்கு அதிலும் சோளம்தான். அவருக்கு வேறு என்ன தெரியும்.

கொஞ்சம் சும்மா இருங்கள். யோசிக்க விடுங்கள்.

மணவறை முன்னால் வைத்தால் ஆள் இடிக்கும். பிள்ளைகள் ஓடும். யாராவது தூக்கித் தூரப் போடுவார்கள். கோபத்தில் அவரே உதைத்தாலும் உதைப்பார். அங்கேயே கொட்டும். ஒரு மழை, பத்து நாள் ஈரம், சோளத்து வேர்...

அந்தப் பையன் சொன்னது பொய்யென்றே இருக்கட்டும். அப்பா சொன்னது பொய் இல்லையே. ஆயுசுக்கும் விடாது என்றாரே.

இல்லை, அண்ணாச்சி. அது மட்டும் என்னால் முடியாது. அவர் எனக்குச் செய்தார் என்றால் நானும் செய்ய வேண்டுமா? சுடுமல்லியைக் கொண்டுபோய் இன்னொருவன் புஞ்சையில் வைத்தவன் என்று நாளைக்கு என்னைச் சொல்ல விடுவேனா? தங்கச்சி அங்கேயும் குனிந்து பறிக்க வேண்டும். அவளுக்கு இடுப்பு முன் மாதிரி இல்லை.

உங்கள் வீடு டவுனுக்குள்தானே? புஞ்சை, தோட்டம் ஒன்றும் கிடையாதே? அப்படியானால் இதை நீங்கள் கொண்டுபோங்கள். பைக்குள் இறக்கி வாயை இறுகக் கட்டிவிடுகிறேன், இந்தத் துண்டையும் உள்ளே வைத்து. கடைக்குப் பின்னால் அடுப்பு இருக்குமே, பையோடு போட்டுக் கொளுத்திவிடுங்கள். உங்கள் வேட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். தொட்டி மண்ணைக் கீழே கொட்டாதீர்கள். பழைய சட்டியில் போட்டுச் சிவக்க வறுத்துவிடுங்கள்.

செடியை எரித்தால் போதாதா என்கிறீர்களா? போதாது.

மண்ணையும்தான். மண்ணையும் வறுக்க வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். வறுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

நான் எதையும் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் விதையில்தான் வந்தது. வீட்டில் மிளகாய்த் தொட்டி இருக்கிறது, அது ஒரு சாட்சி. இன்றைக்கு விட்டுக்கொடுக்கிறேன். நாளைக்கு என்று ஒரு நாள் இல்லையா?

அந்த வேப்பமரம் தெரிகிறதே, அதுதான் நிறுத்தம். கண்டக்டர், ஆள் இறங்கணும்!

பாருங்கள், அங்கே வெயிலில் நிற்கிறார் பாருங்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. அவர்தான் தவசிலிங்கம். பெண்ணைப் பெற்றவர் பந்தலில் நிற்காமல் இங்கே நின்று ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்க்கிறார். மணி பத்தேகால்.

தொட்டி இருந்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கியிருப்பேன், அண்ணாச்சி. இப்போது கை சும்மா இருக்கிறது. இறங்கியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் என்ன செய்வதென்று நான் யோசித்து வரவில்லை.